வாக்கெடுப்பு இல்லாத சபை: லண்டன் குவேக்கர் கூட்டம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

வட லண்டனில் ஒரு குடியிருப்புத் தெருவின் முனையில், செங்கல் சுவரும் சிறு தோட்டமும் கொண்ட கூட்ட இல்லம் ஒன்றில் ஞாயிறுதோறும் கூடும் குவேக்கர் சபைக்கு நான் சில ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். குவேக்கர்கள் என்போர் இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறித்தவப் பிரிவினர், தம்மை ‘ஃபிரெண்ட்ஸ்’ (நண்பர்கள்) என்று அழைத்துக்கொள்பவர்கள். உறுப்பினராகச் சேரவில்லை, அவர்கள் வழக்கில் நான் ஒரு ‘வருகையாளர்’. இந்நகருக்குப் புதிதாக வரும் தமிழர்களில் சிலர், கிறித்தவக் குடும்பங்களில் பிறந்தவர்களும் அப்படி இல்லாதவர்களும், அந்த இடம் எப்படி, போகலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லும் பதிலையே இங்கே விரிவாக எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் சபையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே விவரிக்கும் நடைமுறைகள் பிரிட்டனின் குவேக்கர் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் பொதுவானவை என்பதால், எந்த ஊர்க் கூட்டத்துக்குச் செல்பவருக்கும் இது உதவக்கூடும்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. பலிபீடம் இல்லை, பிரசங்க மேடை இல்லை, பாடல் இல்லை, சம்பளம் பெறும் போதகரும் இல்லை. நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்தவாறு சதுரமாகப் போடப்பட்டிருக்கும். நடுவிலுள்ள மேசையில் ஒரு பூச்சாடி, ஒரு வேதாகமம், சபையின் நடைமுறைகளைத் தொகுத்த ஒரு நூல் ஆகியவை இருக்கும். முதல் ஆள் வந்து உட்கார்ந்து அமைதியாகும்போதே ஆராதனை தொடங்கிவிட்டதாகக் கொள்வார்கள். அதன்பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மௌனம். உள்ளத்தில் ஏதேனும் ஒன்று எழுந்து, அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற உந்துதல் உண்டானால், ஆணோ பெண்ணோ, உறுப்பினரோ புதியவரோ, எழுந்து நின்று சுருக்கமாகப் பேசலாம். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, மறுப்பதுமில்லை, பேசியதை உள்வாங்க இடம்விட்டே அடுத்தவர் எழ வேண்டும் என்பது மரபு. சில ஞாயிறுகளில் ஒருவர்கூடப் பேசாமல் ஒரு மணி நேரமும் கழிந்துவிடும். முடிவில், ஆராதனையைக் கவனித்துக்கொள்ளும் மூப்பர்கள் இருவர் கைகுலுக்குவார்கள், பிறகு எல்லோரும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கிக்கொள்வார்கள்.

கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையில் குருமார் தேவையில்லை, ஒவ்வொருவருக்குள்ளும் கடவுளின் ஒளியின் ஒரு துளி உண்டு என்று 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் வட பகுதிகளில் நடந்தே சென்று போதித்த ஜார்ஜ் ஃபாக்ஸிடமிருந்து வந்த வழக்கம் இது. மௌன ஆராதனையின் தரத்தைப் பற்றி என் மதிப்பீட்டை நேராகவே சொல்லிவிடுகிறேன்: அது வாரத்துக்கு வாரம் மாறும். நல்ல ஞாயிறுகளில் அந்த அறையில் நாற்பது பேர் சேர்ந்து ஒன்றைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பது போன்ற ஒரு செறிவு இருக்கும். மற்ற ஞாயிறுகளில், அன்று காலை வானொலியில் கேட்ட செய்தியைப் பற்றி ஒருவர் எழுந்து நீளமாகக் கருத்துச் சொல்ல, அடுத்தவர் அதற்கு மறைமுகமாகப் பதில் சொல்ல, ஆராதனை என்பது கண்ணியமான ஒரு விவாத மேடையாக இறங்கிவிடும். இசையும் பாடலும் கூட்டு மன்றாட்டும் இல்லாத வழிபாடு வழிபாடே அல்ல என்று நினைப்பவருக்கு இது கண்டிப்பாகப் பொருந்தாது.

ஆனால் இந்த இடத்தைப் பரிந்துரைக்க எனக்குள்ள காரணம் ஞாயிறு ஆராதனை அல்ல. மாதம் ஒருமுறை அதே அறையில், அதே நாற்காலிகளில் நடக்கும் நிர்வாகக் கூட்டமே அந்தக் காரணம். நேர்மை என்பதைத் தனி மனிதரின் குணத்தை நம்பி விட்டுவிடாமல், கணக்கு, குறிப்பு, முடிவெடுக்கும் முறை ஆகியவற்றுக்குள்ளேயே புகுத்திவைத்திருக்கும் ஒரு சமூகத்தை நான் வேறெங்கும் இவ்வளவு அருகில் பார்த்ததில்லை. நல்லவர்கள் கூடும் இடங்கள் ஏராளம். நல்லவர்களும்கூடத் தம்மை ஏமாற்றிக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே எண்ணி நடைமுறை வகுத்த இடங்கள் குறைவு.

அந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. மேசையருகே எழுத்தர் ஒருவரும் துணை எழுத்தர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்தர் என்றாலும் அவரே கூட்டத்தை நடத்துபவர். ஆனால் தம் கருத்தை நுழைக்கக் கூடாது. கூட்டமும் மௌனத்தோடுதான் தொடங்கும். பேச விரும்புபவர் எழுந்து நிற்க வேண்டும், எழுத்தர் அழைத்த பின்பே பேச வேண்டும், எதிரில் இருப்பவரைப் பார்த்து வாதாடாமல் எழுத்தரை நோக்கியே பேச வேண்டும். ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டதைத் திரும்பச் சொல்வது நாகரிகமில்லை. இப்படிச் சிலர் பேசி முடித்ததும், கூட்டம் எந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது என்று எழுத்தர் தம் மனத்தில் தெளிந்து, அங்கேயே, அப்போதே, ஒரு குறிப்பை எழுதுவார். அவர் எழுதும் நேரத்தில் அறை முழுவதும் மௌனமாகக் காத்திருக்கும். எழுதியதை வாசித்து, இதை ஏற்கிறீர்களா என்று கேட்பார். ‘அப்படியே ஆகட்டும் என நம்புகிறேன்’ என்ற பொருளில் பழைய வாய்ப்பாட்டுச் சொல் ஒன்றை எல்லோரும் முணுமுணுப்பார்கள். அந்தக் கணத்தோடு குறிப்பு முடிந்தது; வீட்டுக்குப் போய்ச் சொற்களை மெருகேற்றி அடுத்த மாதம் சுற்றுக்கு விடும் வழக்கமே இல்லை.

கேட்பதற்குச் சிறிய ஏற்பாடு. அதன் விளைவு பெரியது. பல சங்கங்களிலும் ஆலயக் குழுக்களிலும் தகராறு தொடங்குவது கூட்டத்தில் அல்ல, கூட்டம் முடிந்த பின் வரும் குறிப்பில். நான் அப்படிச் சொல்லவே இல்லை, நாங்கள் அதற்கு ஒப்பவே இல்லை என்ற வழக்குகள் அங்கேதான் பிறக்கின்றன. இங்கே குறிப்பு எல்லோர் முன்னிலையிலும் பிறந்து, எல்லோர் காதிலும் விழுந்து, அங்கேயே திருத்தப்பட்டுவிடுகிறது. ஒருமுறை, கூட்ட இல்லத்தின் ஒரு பகுதியை அகதிகளுக்கான ஆங்கில வகுப்புக்கு வாடகையின்றித் தருவது பற்றிப் பேசி முடித்து, ‘மகிழ்வோடு ஏற்கிறோம்’ என்று எழுத்தர் வாசித்தார். வயதான ஒரு பெண்மணி எழுந்து, தாம் ஏற்பது உண்மை, ஆனால் மகிழ்வோடு ஏற்கவில்லை, வாடகை வருமானம் குறைவது பற்றிய கவலை தமக்குத் தீரவில்லை, என்றாலும் வழியில் நிற்க விரும்பவில்லை என்றார். எழுத்தர் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, கவலை இருந்ததையும் ஒரு வரியில் சேர்த்து மீண்டும் வாசித்தார். யாருக்கும் இது அதிகப்படியாகத் தோன்றவில்லை. அந்த வரி அங்கே இருந்ததால்தான், ஓராண்டு கழித்து வரவு செலவுக் கணக்கு வந்தபோது வாடகைக் குறைவை முதல் பொருளாக எடுத்துப் பேச முடிந்தது.

இந்தப் பிடிவாதத்துக்கு வேர் ஆழமானது. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்ன இயேசுவின் மலைப்பிரசங்கத்தை ஆதிக் குவேக்கர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் மட்டும் சத்தியம் செய்தால், மற்ற நேரங்களில் சொல்வது அவ்வளவு உண்மை இல்லை என்று ஆகிவிடும். எனவே எங்கேயும் சத்தியம் செய்ய மாட்டோம் என்றார்கள். அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததற்காக, ஆதிக் குவேக்கர்களில் முக்கியமானவரான மார்கரெட் ஃபெல் 1664-இல் லங்காஸ்டரில் சிறைப்பட்டு நான்கு ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தார். சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூற அவர்களுக்கு 1690-களில்தான் ஒரு சட்டம் இடமளித்தது. ஜோசப் பீஸ் என்ற குவேக்கர் உறுதிமொழி மட்டும் கூறி நாடாளுமன்றத்தில் அமர 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைத்தெருவிலும் இதே கொள்கைதான். விலையைக் கூட்டிச் சொல்லிப் பின் இறங்கி வருவதே அன்றைய இங்கிலாந்துக் கடைகளின் வழக்கம். தான் விற்க மாட்டாத விலையை விலையென்று சொல்வதும் பொய்யே என்று குவேக்கர் வணிகர்கள் ஒரே விலையைச் சொல்லி அதிலேயே நின்றார்கள். தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் விலகினாலும், சிறுவனைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாறமாட்டான் என்று தெரிந்தபின் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்ததை ஃபாக்ஸ் பதிவு செய்திருக்கிறார். பார்க்லேஸ், லாய்ட்ஸ் வங்கிகளும் கேட்பரி, ரவுன்ட்ரீ, ஃப்ரை சாக்லேட் நிறுவனங்களும் குவேக்கர் குடும்பங்களிலிருந்து வந்தவை என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. பல்கலைக்கழகமும் அரசுப் பதவியும் அடைக்கப்பட்டிருந்ததால் வணிகத்துக்குத் தள்ளப்பட்டவர்கள் அவர்கள் என்பதையும், தவறினால் சபையே தட்டிக்கேட்கும் என்ற அச்சம் அந்த நாணயத்துக்குப் பின்னால் இருந்தது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்வதில்லை. கடனைத் திருப்பித் தர முடியாமல் நொடித்தவரை விலக்கிவிடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. சிறைச் சீர்திருத்தத்துக்குப் புகழ்பெற்ற எலிசபெத் ஃப்ரையின் கணவர் ஜோசப் ஃப்ரைக்கே 1828-இல் அவரது வங்கி வீழ்ந்தபோது அது நேர்ந்தது. இன்று அப்படி யாரையும் விலக்குவதில்லை. நல்லதுதான், அந்தக் கடுமை பல குடும்பங்களை நொறுக்கியிருக்க வேண்டும்.

இன்றைய அளவில் அது எப்படித் தெரிகிறது என்பதற்கு எங்கள் பொருளாளர் கொண்டுவந்த ஒரு சிறு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அறையை வாடகைக்கு எடுக்கும் ஒரு யோகா வகுப்பினரிடம், கட்டண விகிதம் மாறியதைக் கவனிக்காமல், பல மாதங்களாகச் சற்றுக் கூடுதலாக வாங்கிவிட்டோம் என்று கூட்டத்தில் அறிவித்தார். அவர்கள் கேட்கவில்லை, கவனிக்கவுமில்லை. தொகையும் பெரிதல்ல. திருப்பித் தருவதா என்பது பற்றிப் பேச்சே எழவில்லை. எப்படி இது இத்தனை நாள் கண்ணில் படாமல் போனது, கணக்கை இன்னொருவரும் பார்க்கும்படி என்ன செய்வது என்பதே பேச்சாக இருந்தது. பொருளாளரை யாரும் குறை சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பிழையைச் சொல்வதற்குத் தனித் துணிவு தேவைப்படாதபடி ஒரு சபை பழகியிருக்கிறது என்றால் அதற்கு நான் அதிக மதிப்பெண் தருவேன்.

பதவிகளும் அப்படித்தான். எழுத்தர், பொருளாளர், மூப்பர், நோயுற்றவரையும் தனித்திருப்பவரையும் கவனிப்போர் என எல்லாப் பொறுப்புகளும் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குத் தரப்படுகின்றன; ஒரே பொறுப்பில் தொடர்ந்து ஆறாண்டுக்கு மேல் இருப்பதைத் தவிர்க்கிறார்கள். யாரும் தாமாகப் போட்டியிடுவதில்லை. பரிந்துரைக் குழு ஒன்று தகுந்தவரைத் தேடிக் கேட்டு, கூட்டத்தின் முன் பெயரை வைக்கும். தேர்தலும் கட்சியும் பிரசாரமும் சபை வாழ்க்கையை என்ன பாடுபடுத்தும் என்பதை அறிந்த நம்மவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கும். ஆனால் எங்கள் சபையில் ஒரு சிலரே நாற்காலிகளை மாற்றி மாற்றி உட்கார்ந்து எல்லா வேலையையும் செய்கிறார்கள் என்பதும் உண்மை. எழுத்தராக இருந்தவர் மூப்பராவார், மூப்பர் பொருளாளராவார். பிரிட்டனில் குவேக்கர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. பொறுப்புகளின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

வாக்கெடுப்பின்றி முடிவெடுப்பதன் உயர்ந்த எடுத்துக்காட்டு 2009-இல் யார்க் நகரில் கூடிய, பிரிட்டன் குவேக்கர்கள் அனைவருக்குமான ஆண்டுக் கூட்டம். ஒரே பாலினத்தவரின் திருமணத்தை மற்றத் திருமணங்களைப் போலவே நடத்துவது, சட்டத்தையும் மாற்றச் சொல்லி அரசைக் கேட்பது என்ற முடிவுக்கு அங்கே பெருந்திரளானோர் வாக்கின்றி வந்து சேர்ந்தார்கள். பிற திருச்சபைகள் பல இதே கேள்வியில் இன்றும் பிளந்து நிற்கின்றன. ஐம்பத்தொரு விழுக்காட்டினர் வென்று நாற்பத்தொன்பது விழுக்காட்டினர் காயத்தோடு வீடு திரும்பும் முறையை அவர்கள் ஏற்பதில்லை; அதற்காகக் காலத்தைச் செலவிடத் தயங்குவதில்லை.

செலவாகும் காலத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்ட இல்லத்தின் எரிவாயு பாய்லர் பழுதடைந்தபோது, மீண்டும் எரிவாயுவா, வெப்பப் பம்பா என்ற கேள்வி எழுந்தது. புவி வெப்பமாதல் பற்றிய கவலை உள்ளவர்களும், கையிருப்புப் பணத்தைப் பற்றிய கவலை உள்ளவர்களும் மாறி மாறி எழுந்து நின்றார்கள். ஒருமை இல்லை என்று எழுத்தர் கண்டு, அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார். அடுத்த மாதமும் அப்படியே. குளிர்காலம் முழுவதும் கோட்டும் கம்பளிச் சால்வையுமாக உட்கார்ந்து ஆராதித்தோம். எண்பது வயதைக் கடந்தவர்கள் நிறைந்த ஒரு சபையில் அது ஆன்மிகப் பொறுமை அல்ல, நிர்வாகக் குறைபாடு. ஒரே ஒருவரின் தயக்கத்தால் மொத்தக் கூட்டமும் நின்றுவிடும் அபாயம் இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒருவர் ஞானியா பிடிவாதக்காரரா என்று பிரித்தறிவது எழுத்தரின் திறமையைப் பொறுத்தது. எல்லா எழுத்தருக்கும் அது வாய்ப்பதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சண்டை போடத் தெரியாத சமூகம் இது. சமாதானம் என்பது அவர்களது அடிப்படைச் சாட்சியங்களில், அதாவது வாழ்ந்து காட்ட வேண்டிய கொள்கைகளில், ஒன்று என்பதால், கோபத்தை வெளிக்காட்டுவதே தவறு என்ற எண்ணம் பலரிடம் படிந்திருக்கிறது. இருவருக்குள் மனத்தாங்கல் வந்தால் நேரில் பேசித் தீர்ப்பதில்லை; மௌனத்தில் வைத்து, அவர்கள் சொல்வதுபோல் ‘ஒளியில் ஏந்தி’ (அதாவது அவருக்காக மனத்துக்குள் மன்றாடி), கடைசியில் ஒருவர் வருவதையே நிறுத்திவிடுவார். அப்படி விலகிய ஒருவரைப் பற்றி இரண்டொரு மாதங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது. பொய் சொல்லாமல் இருப்பதும் உண்மையைச் சொல்வதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் குறிப்பு எழுதும் மக்கள் அறியாமல் இருக்க முடியாது.

வரலாற்றிலும் அவர்கள் இதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கரையோரத்தில் போர்ச்சுக்கீசிய ஆட்சியில் இருந்த சாவோ தோமே தீவின் கொக்கோத் தோட்டங்களில் அடிமை முறைக்கு நிகரான நிலை இருப்பதாகக் கேட்பரி நிறுவனத்துக்கு 1901-இலேயே தகவல் எட்டியது. விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், போர்ச்சுக்கீசிய அரசோடு பேசிப் பார்த்தார்கள். அந்தக் கொக்கோவை வாங்குவதை நிறுத்தியது 1909-இல். இதைச் சுட்டிக்காட்டி அவர்களை நயவஞ்சகர்கள் என்ற தொனியில் எழுதிய ஒரு லண்டன் நாளிதழ் மீது அவதூறு வழக்குத் தொடர்ந்து வென்றார்கள். ஜூரி அளித்த நட்ட ஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. அந்தத் தொகையில் அடங்கிய விமர்சனத்துக்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

அடிமை முறையை எதிர்த்த குவேக்கர் பெஞ்சமின் லேயின் கதை அதைவிடக் கடுமையானது. நான்கடி உயரமும் கூன் முதுகும் கொண்ட இந்த மனிதர், பார்படோஸில் அடிமைகள் படும் துயரத்தை நேரில் கண்டவர். 1738-இல் நியூ ஜெர்சியின் பர்லிங்டனில், பிலடெல்ஃபியா வட்டாரக் குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டத்துக்கு மேலங்கிக்குள் வாளை மறைத்துக்கொண்டு வந்தார். உள்ளே குடைந்து, சிவந்த காய்ச்சாறு நிரப்பிய பை ஒன்றைப் பொதிந்துவைத்த புத்தகத்தை வாளால் குத்தி, அடிமைகளை வைத்திருந்த சகோதரர்கள் மீது அந்த ‘இரத்தத்தை’த் தெளித்தார். அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள்; விலக்கியும் வைத்தார்கள். உண்மையைச் சொன்னவர் அவர். அவர் பேசிய முறைதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1758-இல், அதே ஆண்டுக் கூட்டம் அடிமை வணிகத்தில் ஈடுபடுவோர் மீது நடவடிக்கை எடுக்கத் துணிந்தது. 1776-இல் அடிமைகளை வைத்திருப்பதையே உறுப்பினர்களுக்குத் தடை செய்தது. அவரை விலக்கிய கூட்டங்களின் இன்றைய வழித்தோன்றல்கள், அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும், 2017-இலும் 2018-இலும் அவரோடு தாங்கள் உடன்படுவதாகக் குறிப்பு எழுதின. லண்டனில் யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அவர்களது தலைமையகமான ஃபிரெண்ட்ஸ் ஹவுஸில், பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் பெயரில் ஓர் அறை இருந்தது. பென் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் என்பதால் 2021-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு பெஞ்சமின் லேயின் பெயரை வைத்தார்கள். அடிமை வணிகத்தால் தங்களுக்குக் கிடைத்த பயனுக்கு ஈடு செய்வதென 2022 ஆண்டுக் கூட்டம் ஏற்றது. தாமதம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பழைய குறிப்புகள் அனைத்தும் பத்திரமாக இருந்ததால்தான், விலக்கியவர் யார், எப்போது, என்ன சொல்லி என்பதை அவர்களே எடுத்துப் பார்த்து ஒப்புக்கொள்ள முடிந்தது.

அந்த ஃபிரெண்ட்ஸ் ஹவுஸுக்குள் யாரும் நுழையலாம். லண்டனுக்கு வருபவர்கள் அரை நாள் ஒதுக்கினால் பயனுண்டு. ஹியூபர்ட் லிட்பெட்டர் வடிவமைத்து 1927-இல் முடிந்த கட்டடம். அலங்காரமில்லாத செங்கல் முகப்பு, யூஸ்டன் சாலையின் இரைச்சலைச் சற்றே தள்ளிவைக்கும் தோட்டம், ஒரு சிற்றுண்டிச்சாலை, அதையொட்டிப் புத்தகக் கடை. ஆண்டுக் கூட்டம் நடக்கும் பெரிய மண்டபத்தை 2014-இல் புதுப்பித்து, கூரை வழியாக வானொளி இறங்கும்படி செய்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் வெளியார் மாநாடுகளுக்கு அதை வாடகைக்கு விடுகிறார்கள். நான் அதிக நேரம் செலவிடுவது அங்குள்ள நூலகத்தில். 17-ஆம் நூற்றாண்டில், தம் உறுப்பினர்களுக்கு நேர்ந்த ஒவ்வொரு சிறைவாசத்தையும் அபராதத்தையும், அரசுத் திருச்சபைக்குத் தசமபாகம் (வருவாயில் பத்தில் ஒரு பங்கு) கட்ட மறுத்ததற்காகப் பறிக்கப்பட்ட மாட்டையும் பாத்திரத்தையும் ஊர்வாரியாகப் பதிந்துவைத்த பெரிய ஏடுகளை அவர்கள் காத்துவைத்திருக்கிறார்கள். நேரில் வந்து கேட்பவரை ஆராய்ச்சியாளரா இல்லையா என்று துருவாமல் உதவுகிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு சிறு தொடர்பு. யார்க்‌ஷயரில் பிறந்து 1928-இல் சென்னை வேப்பேரியின் பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, இந்தியாவில் இருந்தபோதே குவேக்கராகச் சேர்ந்தவர் மார்ஜரி சைக்ஸ். பின்னாளில் சாந்திநிகேதனிலும் சேவாகிராமத்திலும் பணியாற்றி, நீலகிரியில் கோத்தகிரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன் காந்தி எழுதிய 1930 மார்ச் கடிதத்தை வைஸ்ராய் இர்வினிடம் கொண்டு சேர்த்த இளைஞர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸும் குவேக்கர் மரபில் வந்தவரே. எங்கள் சபையில் இந்தப் பெயர்களைச் சொன்னால் முதியவர்கள் சிலர் முகம் மலர்வார்கள். ஆனால் சபையில் நம் நிறத்தவர் மிகச் சிலரே. படித்த, நடுத்தர வர்க்க, வெள்ளை, முதிய சமூகம் என்ற விமர்சனத்தை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நேர்மைக்கு இவ்வளவு நடைமுறை வகுத்தவர்கள், புதியவரை வீட்டுக்குச் சாப்பிட அழைப்பதற்கு ஒன்றும் வகுக்கவில்லை. ஆராதனைக்குப் பின் தேநீர் தருவார்கள், அன்பாக விசாரிப்பார்கள், அதற்கு மேல் நெருக்கம் வளரப் பல மாதங்கள் ஆகும். தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை: நியாய வணிக முத்திரை உண்டு, நிறம் இல்லை.

ஆயினும் நெருக்கடியில் இவர்கள் கைவிடுவதில்லை. உறுப்பினர் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தபோது, வாரத்தின் எந்த நாளில் யார் சமைத்துக் கொடுப்பது, யார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என்பதை ஒரே மாலையில் முறைப்படுத்தி, அவர் எழுந்து நடக்கும்வரை நடத்திக்காட்டினார்கள். பாய்லர் விஷயத்தில் இழுபறியாகக் கிடந்த அதே மனிதர்கள்தான். திருமணங்களும் காணத் தக்கவை. மணமக்கள் தாங்களே எழுந்து ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வார்கள்; திருமணம் செய்துவைக்கும் குரு யாருமில்லை. முடிவில் வந்திருந்த அனைவரும், சிறுவர்கள் உட்பட, பெரிய சான்றிதழ்த் தாளில் சாட்சிக் கையெழுத்திடுவார்கள். விருந்தினர் என்று போன எனக்கும் பேனாவை நீட்டினார்கள்.

செல்ல விரும்புவோருக்கு: கட்டணம் எதுவும் கிடையாது, காணிக்கைத் தட்டு சுற்றி வராது, வாசலருகே ஒரு பெட்டி இருக்கும். ஆராதனை பெரும்பாலும் காலை 10.30 மணிக்கோ 11 மணிக்கோ தொடங்கும். தாமதமாக வருபவர்களைச் சில நிமிடங்கள் வெளியே நிறுத்திவைத்து மொத்தமாக உள்ளே விடுவது எங்கள் சபையின் வழக்கம். குழந்தைகள் கால் மணி நேரம் மட்டும் பெரியவர்களோடு இருந்துவிட்டு வேறு அறைக்குப் போவார்கள். முதல் ஒரு மணி நேரத்தை வைத்து முடிவு செய்யாமல் சில வாரங்களாவது தொடர்ந்து போய்ப் பாருங்கள். முடிந்தால் மாத நிர்வாகக் கூட்டம் ஒன்றிலும் உட்காருங்கள். உறுப்பினரல்லாதவர் அதற்கு வர எழுத்தரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதினால் போதும். காரணம் கேட்க மாட்டார்கள்.